இணைப்பு அறுந்தால் கணக்கு அழியாது
கணனி படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்



டயகம, ஹோல்புரூக், போட்மோர், அல்பியன் என்று நம்ம அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் கணனி படிக்கும் பிள்ளைகள் கூடி வருகிறார்கள். பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். அதற்கு மேல் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் பஸ் ஏறி வகுப்புக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் சொந்தமாகச் சின்னப் புரோகிராம் எழுதி, மரண உதவிச் சங்கத்துச் சந்தாவையும் கோயில் கமிட்டி வரவு செலவையும் கணனியில் ஏற்றப் பார்க்கிறார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் ஒரு நாள் அந்தப் புரோகிராமைத் திறந்தால் "தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை" என்று ஒரு அறிவித்தல் வந்து நிற்கும். உடனே பெரியவர்கள், "பாத்தியா, மெஷின் கணக்கை முழுங்கிருச்சு. கொப்பியிலேயே எழுதியிருக்கலாம்" என்பார்கள். பிள்ளை பதறிப்போய் எல்லாவற்றையும் கழற்றி அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றும். உண்மையில் கணக்கு அழிவது அப்போதுதான். அறிவித்தல் கணக்கை அழிப்பதில்லை. பதற்றம்தான் அழிக்கிறது. ஆகவே அப்படி ஒரு நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை, கணனி படித்த பிள்ளைகளிடம் கேட்டறிந்து இந்த இதழில் பாடமாகத் தருகிறோம்.

கிளாக்கரும் புத்தக அறையும்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். புரோகிராம் வேறு, கணக்கு வேறு. இரண்டும் இரண்டு இடத்தில் இருக்கின்றன.

ஆபீஸில் செக்ரோல் புத்தகம் அலுமாரிக்குள் இருக்கிறது. அதை எடுத்துப் பேர் போடுகிறவர் கிளாக்கர். கிளாக்கர் ஒரு நாள் வராவிட்டால் புத்தகத்தில் எழுதிய பேர் மறைந்துவிடுமா? அலுமாரிச் சாவி தொலைந்தால் நாம் எடுத்த கொழுந்தின் நிறை குறைந்துவிடுமா? இல்லை. கணனியிலும் அப்படித்தான். திரையில் நாம் பார்க்கும் புரோகிராம்தான் கிளாக்கர். தரவுத்தளம்தான் செக்ரோல் புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு புரோகிராமுக்குச் சேவர் என்று பெயர். நம்ம புரோகிராம் சேவரிடம் போய்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவதற்குப் பெயர்தான் இணைப்பு.

இணைப்பு நடக்க ஐந்து விஷயம் சரியாக இருக்க வேண்டும்.

1. எந்த வீடு: சேவர் இருக்கும் கணனியின் பெயர் அல்லது இலக்கம்.
2. எந்த வாசல்: ஒரு கணனிக்குப் பல வாசல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இதைப் போர்ட் என்பார்கள்.
3. யார் வந்திருப்பது: பாவனையாளர் பெயரும் பாஸ்வேர்டும்.
4. எந்தப் புத்தகம்: ஒரே சேவரில் பல தரவுத்தளம் இருக்கலாம். வேண்டியதன் பெயரைச் சொல்ல வேண்டும்.
5. மொழிபெயர்ப்பாளர்: புரோகிராமின் பேச்சைச் சேவருக்குப் புரியவைக்கும் துணைப் புரோகிராம். இதற்கு ட்ரைவர் என்று பெயர்.

இந்த ஐந்தையும் ஒரே வரியில் எழுதித்தான் புரோகிராமுக்குள் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று பிசகினாலும் இணைப்பு கிடைக்காது. ஆனால் எது பிசகினாலும் புத்தகம் அலுமாரியில் அப்படியேதான் இருக்கும்.

தேயிலைக் கம்பனியில் பிறந்த ஆபீஸ் கணனி

"தேயிலைக்கும் கணனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. உலகத்தில் வியாபார ஆபீஸ் வேலைக்கென்று முதன்முதலில் கணனி செய்து ஓட்டியது லண்டனில் தேயிலை விற்று, தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் என்ற கம்பனி. அந்தக் கணனிக்கு லியோ என்று பெயர். 1951ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அது அந்தக் கம்பனியின் பேக்கரிக் கணக்கைப் போட்டது. 1954ஆம் ஆண்டளவில் ஊழியர்களின் சம்பளக் கணக்கையும் போடத் தொடங்கியது. பின்னர் 1970இல் எட்கர் கொட் என்ற அறிஞர், கணக்கை நிரல் நிரலாகவும் வரிசை வரிசையாகவும் அட்டவணையில் வைத்து ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை எழுதிக் காட்டினார். இன்று நம்ம பிள்ளைகள் படிக்கும் தரவுத்தளம் அந்த முறையில் வந்ததுதான். ஆக, கூலிக்காரரின் சம்பளத்தைச் சரியாகக் கணக்குப் பார்ப்பது கணனியின் பழைய வேலைகளில் ஒன்று.

பைப்பில் தண்ணி வராவிட்டால்

மேல் மலை ஊற்றிலிருந்து தொட்டிக்கு வந்து, தொட்டியிலிருந்து லயத்துப் பைப்புக்குத் தண்ணி வருகிறது. ஒரு நாள் காலையில் தண்ணி வரவில்லை. யாராவது முழுப் பைப்பையும் தோண்டி எடுப்பார்களா? மாட்டார்கள். முதலில் பைப்பைத் திறந்து பார்ப்பார்கள். பக்கத்து லயத்தில் வருகிறதா என்று கேட்பார்கள். பிறகு குழாய் வழியே மேலே நடந்து, எந்த இடத்தில் ஒழுகுகிறது, எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இணைப்புக் கோளாறையும் இப்படித்தான் தேட வேண்டும். கிட்டே இருந்து தொடங்கித் தூரத்துக்குப் போக வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நாலை ஒன்றாக மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது.

நடக்கத் தொடங்குமுன் இரண்டு வேலை.

முதலாவது, இருக்கிற கணக்கைப் பிரதி எடுங்கள். அக்சஸ் போன்ற ஒரே பைல் என்றால் புரோகிராமை மூடிவிட்டு அந்தப் பைலைப் பென் ட்ரைவில் போட்டுக்கொள்ளலாம். சேவர் என்றால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது பைலைப் பிரதி எடுக்கக் கூடாது. சேவருக்கே உரிய பேக்கப் கட்டளையால் எடுக்க வேண்டும். சேவரே எழும்பவில்லை என்றால், நின்ற நிலையில் அதன் டேட்டா போல்டரை முழுவதுமாகப் பிரதி எடுத்து வைக்கலாம்.

இரண்டாவது, அறிவித்தலை எண்ணோடு சேர்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். "என்னமோ எரர் வந்துச்சு" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று டாக்டர் கேட்பது போலத்தான் இந்த எண்.

முதற்படி: சேவர் ஓடுகிறதா?

காற்று மழைக் காலத்தில் நம்ம பக்கம் மின்சாரம் போய்ப் போய் வருவது எல்லோருக்கும் தெரியும். கணனி மறுபடி எழும்பும்போது சேவர் தானாக எழும்பாமல் இருக்கலாம். விண்டோஸில் சேர்விசஸ் என்ற பட்டியலைத் திறந்து, மை-எஸ்.கியூ.எல். அல்லது எஸ்.கியூ.எல். சேவர் என்ற பெயருக்கு நேரே ஓடுகிறது என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லாவிட்டால் தொடக்கிவிட்டு, இனித் தானாகவே தொடங்கும்படி மாற்றி வையுங்கள்.

இரண்டாம் படி: வீடு சரியா?

புரோகிராமும் சேவரும் ஒரே கணனியில் என்றால் 127.0.0.1 என்ற இலக்கம் அந்தக் கணனியையே குறிக்கும். வேறு கணனி என்றால் ஒரு சிக்கல் உண்டு. ரௌட்டர் கொடுக்கும் இலக்கம் மாறக்கூடியது. நேற்று ஒன்று, இன்று வேறொன்று. ஆகவே சேவர்க் கணனிக்கு மாறாத இலக்கம் கொடுப்பது நல்லது. மைக்ரோசொப்டின் இலவச எஸ்.கியூ.எல். சேவர் எக்ஸ்பிரஸைச் சாதாரணமாக நிறுவினால், கணனியின் பெயருக்குப் பின்னால் "எஸ்.கியூ.எல்.எக்ஸ்பிரஸ்" என்ற பெயரும் சேர வேண்டும். அந்தப் பெயரைப் பிழையாக எழுதினால் 26 என்ற எண்ணோடு, சேவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வரும்.

மூன்றாம் படி: வாசல் திறந்திருக்கிறதா?

மை-எஸ்.கியூ.எல்.க்கு வழமையான வாசல் 3306. எஸ்.கியூ.எல். சேவருக்கு 1433. விண்டோஸின் பயர்வோல் அந்த வாசலை மூடியிருந்தால் வேறு கணனியிலிருந்து போக முடியாது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் நெட்வேர்க் வழியாக வருவதற்கான டி.சி.பி. வழி, நிறுவும்போதே மூடித்தான் இருக்கும். நாம்தான் திறந்து, சேவரை நிறுத்தித் தொடக்க வேண்டும். மை-எஸ்.கியூ.எல்.லில் 2003 என்ற எண் வந்தால் இந்த முதல் மூன்று படியிலும் தேடுங்கள். பயர்வோலை ஒரேயடியாக நிறுத்திவிடுவது வழியல்ல. அது லயத்துக் கதவையே கழற்றி வைப்பது போல. தேவையான ஒரு வாசலை மட்டும் திறந்தால் போதும்.

நான்காம் படி: ஆளும் புத்தகமும் சரியா?

மை-எஸ்.கியூ.எல்.லில் 1045, எஸ்.கியூ.எல். சேவரில் 18456 என்று வந்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உண்மையில் இது பாதி நல்ல செய்தி. சேவர் ஓடுகிறது, வீடு சரி, வாசல் சரி. வாசலில் நின்றவர் நம்ம பெயரையோ பாஸ்வேர்டையோ ஏற்கவில்லை, அவ்வளவுதான். 1049 அல்லது 4060 என்று வந்தால் கேட்ட தரவுத்தளத்தின் பெயரைப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை இருக்கலாம், அல்லது அதைத் திறக்க அந்த ஆளுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

இன்னொன்று. 2018இல் மை-எஸ்.கியூ.எல். 8.0 வந்தபோது பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையை மாற்றினார்கள். பழைய ட்ரைவருக்கு அந்த முறை தெரியாது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே விடாவிட்டால் ட்ரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா?

"வகுப்புக் கணனியில் ஓடிச்சு, இங்க ஓடல" என்ற முறைப்பாட்டுக்கு அடிக்கடி காரணம் இதுதான். அக்சஸ் பைலைத் திறக்கும் பழைய ஜெட் ட்ரைவர் 32 பிட் மட்டும்தான். புரோகிராம் 64 பிட்டாக ஓடினால் அதனைக் காணாது. "பதிவு செய்யப்படவில்லை" என்று சொல்லும். புரோகிராமை 32 பிட்டாகக் கட்டுங்கள், அல்லது புதிய ஏஸ் ட்ரைவரின் 64 பிட் பதிப்பைப் போடுங்கள். இரண்டும் ஒரே பிட்டாக இருக்க வேண்டும் என்பதே விதி. ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு "பொருத்தமான ட்ரைவர் இல்லை" என்று வந்தால், ட்ரைவர்ப் பைல் புரோகிராமோடு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைப்பு வரியின் தொடக்கம் பிழையாக இருந்தாலும் இதே அறிவித்தல் வரும்.

ஐம்பது பேர் பதிந்தோம், காலையில் ஒன்றுமில்லை

விசுவல் ஸ்டூடியோவில் புதிதாகப் பழகும் பிள்ளைகளை அழவைக்கும் ஒரு கோளாறு உண்டு. தரவுத்தளப் பைலைப் புரோகிராமுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதனை "எப்போதும் பிரதி எடு" என்று வைத்திருந்தால், புரோகிராமைக் கட்டி ஓட்டும் ஒவ்வொரு தடவையும் மூலத்தில் இருக்கும் வெறும் பைல், நேற்றுப் பதிந்த பைலுக்கு மேல் வந்து விழும். எந்த அறிவித்தலும் வராது. பதிந்தது மட்டும் இருக்காது. "புதிதாக இருந்தால் மட்டும் பிரதி எடு" என்று மாற்றுங்கள். அதைவிட நல்லது, தரவுத்தளத்தைத் தனிப் போல்டரில் வைத்து அதன் முழு இடத்தையும் கொடுப்பது.

இணைந்த பிறகு வரும் கள்ளத் தவறுகள்

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை சத்தம் போட்டு வரும் கோளாறுகள். சத்தமில்லாமல் வருவதுதான் நம்ம மக்களுக்கு அதிகம் நட்டம் தரும். இதை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும்.

பேர் கேள்விக்குறியாவது. தமிழில் பேரைப் பதிந்து மறுபடி பார்த்தால் ??????? என்று இருக்கும். தமிழ் எழுத்துகள் 1991இலேயே யுனிகோட் முறையில் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆனால் நாம் அமைக்கும் நிரல் அதை ஏற்பதாக இருக்க வேண்டும். எஸ்.கியூ.எல். சேவரில் "என்-வார்சார்" என்ற வகை வேண்டும். மை-எஸ்.கியூ.எல்.லில் அட்டவணை, இணைப்பு இரண்டுமே "யூ.டி.எப்.8 எம்.பி.4" ஆக இருக்க வேண்டும். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட பேரைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே ஐந்நூறு பேரைப் பதியுமுன் ஒரு பேரைப் பதிந்து, மூடித் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை அப்படியே ஒட்டவும் கூடாது. அது ஆங்கில எழுத்துக்கு மேல் போர்த்திய தமிழ் உருவம். யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அடையாள அட்டை எண் வெட்டுப்படுவது. நம்ம நாட்டுப் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், ஆக 10 இடம். 2016ஆம் ஆண்டு முதல் வருவது 12 இலக்கம். பழைய கணக்கில் 10 இடம் மட்டும் ஒதுக்கி வைத்திருந்தால் புதிய எண் நுழையாது, அல்லது வால் வெட்டுப்படும். 1975 பெப்ரவரி 1இல் பிறந்த ஒரு பெண்ணின் பழைய எண் 75532 என்று தொடங்கும். 75 பிறந்த ஆண்டு, 32 ஆண்டின் முப்பத்திரண்டாவது நாள், பெண் என்பதால் 500 கூடுகிறது. அவருக்கே புதிய முறையில் எண் 1975532 என்று தொடங்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கணனிக்குத் தானாகத் தெரியாது. சொல்லி வைக்காவிட்டால் ஒருவரை இருவராகப் பதியும்.

முன் பூச்சியம் மறைவது. நுவரெலியாத் தொலைபேசி எண் 052 என்று தொடங்கும், ஹட்டன் 051. இதைக் கூட்டிக் கழிக்கும் எண் வகையில் பதிந்தால் முன்னாலுள்ள பூச்சியம் போய்விடும். அங்கத்துவ எண்ணுக்கும் இதே கதைதான். கூட்டல் கழித்தல் செய்யாத எண்ணை எழுத்து வகையிலேயே பதிய வேண்டும்.

பேரை வைத்து ஆளைத் தேடுவது. முத்துலெட்சுமி என்ற பேரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பத்திரங்களையே எடுத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சம்பளச் சிட்டையில் ஒன்று. பேர் சாவியாகாது. மாறாத ஓர் எண்தான் சாவியாக வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதியத்துக்கு நம்ம சம்பளத்தில் குறைந்தது 8 வீதம், தொழில் தருநர் பங்காகக் குறைந்தது 12 வீதம் சேர வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் தருநர் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். ஒரு மாதச் சம்பளம் 20,000 ரூபா என்று வைத்தால் 1,600, 2,400, 600, ஆக 4,600 ரூபா. அங்கத்துவ எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் அந்தப் பணம் உரியவர் பேரில் விழாது. மாதம் மாதம் இப்படியே போனால், வேலையை விட்ட பிறகு கையெழுத்துக்கும் கடிதத்துக்கும் அலைவது அந்த அம்மாதான். அவருக்கு இந்தக் கோளாறு எந்தத் திரையிலும் வந்திருக்காது.

புதுக் கணனிக்கு மாற்றும்போது

1. இணைப்பு வரியைப் புரோகிராமுக்குள் புதைக்காதீர்கள். தனிச் செட்டிங்ஸ் பைலில் வையுங்கள். வீடு மாறினால் விலாசத்தை மட்டும் மாற்றலாம்.
2. சேவரின் தலைமைக் கணக்கை அன்றாடம் பாவிக்காதீர்கள். புரோகிராமுக்கென்று குறைந்த அதிகாரமுள்ள ஓர் ஆளை உண்டாக்குங்கள். எல்லாச் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது.
3. பாஸ்வேர்டைத் திரையில் ஒட்டி வைக்காதீர்கள். சங்கத் தலைவரும் செயலாளரும் அறியும்படி உறையிட்டுப் பூட்டி வையுங்கள். எழுதிய பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாலும் சங்கம் நிற்கக் கூடாது.
4. சேவரின் பதிப்பு, ட்ரைவரின் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.
5. கிழமைக்கு ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

கணனி தெரியாது என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "பிரதி எடுத்தியா? அறிவித்தலை எழுதி வச்சியா? கடைசியா எதை மாத்தின?" இந்த மூன்றையும் கேட்கக் கணனி தெரிய வேண்டியதில்லை. அதோடு சம்பளச் சிட்டை, அடையாள அட்டை, சேமலாப நிதிய அட்டை, சங்கத்து ரசீது ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒழுகாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். கணனிக் கணக்குப் பிழைத்தால் அதைத் திருத்த அந்தக் கடதாசிதான் சாட்சி.

பயிற்சி

1. புரோகிராமைத் திறந்தால் 1045 வருகிறது. நெட்வேர்க் வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டுமா?
2. நேற்று இரவு கரண்ட் போனது. இன்று காலை 2003 வருகிறது. முதலில் எங்கே பார்ப்பீர்கள்?
3. இணைப்புச் சரி, எந்த அறிவித்தலும் இல்லை. ஆனால் 40 அங்கத்தவர் உள்ள சங்கத்தில் 43 பேர் காட்டுகிறது. எதைத் தேடுவீர்கள்?

விடைகள்: 1. வேண்டியதில்லை, சேவர் பதில் சொல்லியிருக்கிறது. பெயரையும் பாஸ்வேர்டையும் பாருங்கள். 2. சேவர் ஓடுகிறதா என்று சேர்விசஸ் பட்டியலில். 3. பழைய அடையாள அட்டை எண்ணிலும் புதிய எண்ணிலும் இரண்டு தடவை பதியப்பட்டவர்களை.

வீட்டில் கணனி படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். சங்கக் கணக்கைக் கணனியில் ஏற்ற நினைப்பவர்கள், முதல் மூன்று மாதம் கொப்பியிலும் கணனியிலும் சேர்த்தே எழுதி, மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்து வந்த பிறகு கணனியை நம்பலாம். அப்போதும் கொப்பியைத் தூக்கி எறிய வேண்டாம்.